தார்ப்பாய் துணியா, பிளாஸ்டிக்கா? - ஒரு 5 மில்லிமீட்டர் வரலாறு

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. வரி, சட்டம்னு பார்த்தாலே கொட்டாவி வர்றவங்க, நடுவுல வர்ற பத்தமடைப் பாய் வரைக்குமாவது வந்துட்டுப் போங்க. நான் வக்கீலும் இல்லை, ஆடிட்டரும் இல்லை. பொட்டி தட்டுறவன். தப்பு இருந்தா பின்னூட்டத்துல குட்டுங்க, வாங்கிக்கறேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை. மாமா போன் பண்ணி, "மாப்ளே, காலேஜ்ல வாங்கின அந்த அளவு பாக்குற கருவி இன்னும் இருக்கா?"ன்னார். வெர்னியர் காலிப்பரைச் சொல்றார். முதல் வருஷ ஒர்க்‌ஷாப்புக்கு வாங்கினது, அதுக்கப்புறம் அலமாரியிலயே தூங்குது. எடுத்துக்கிட்டுப் போனேன். மாமாவுக்கு திருச்சி பக்கம் சின்னதா ஒரு தார்ப்பாய் கடை. சுருளா துணி வாங்கி, வெட்டி, ஓரம் மடிச்சுத் தைச்சு, வளையம் அடிச்சு விக்கிறார். லாரிக்காரங்க, நெல்லு காய வைக்கிறவங்க, பந்தல்காரங்கதான் வாடிக்கை.

(மேலே "துணி"ன்னு எழுதிட்டேன் பாருங்க. வில்லங்கமே அந்த வார்த்தையிலதான்.)

மாமாவுக்கு வரி அலுவலகத்துலேர்ந்து ஒரு நோட்டீஸ். இத்தனை நாள் நீங்க ஜவுளிக் கணக்குல வரி கட்டியிருக்கீங்க, இது பிளாஸ்டிக், பிளாஸ்டிக்குக்கு 18 சதவீதம், பழைய வருஷங்களுக்கும் சேர்த்து வித்தியாசத்தைக் கட்டுங்க, வட்டியோட. கூட்டிப் பார்த்தா கடையோட ஒரு வருஷ லாபத்தை விட அதிகம். பில்லுல போட்டிருந்த 6306ங்கிற எண் மாமா கண்டுபிடிச்சதில்லை. சரக்கு குடுத்தவர் போட்டிருந்ததைப் பார்த்து இவரும் போட்டார், அவ்வளவுதான்.

ஆடிட்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "இழையோட அகலம் 5 மில்லிமீட்டருக்கு மேலயா, கீழயா?" அதுக்குத்தான் காலிப்பர்.

வெட்டின ஓரத்துல பிரிஞ்சு தொங்கின நாடாவைப் பிடிச்சு அளந்தோம். ரெண்டரை மில்லிமீட்டர். இன்னொன்னு, அதுவும் ரெண்டரை. பத்து நாடா அளந்து ஒரு நோட்டுல எழுதி வெச்சோம். மாமா முகத்துல ஒரு வெளிச்சம். "அப்ப துணிதான மாப்ளே?" எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. அன்னிக்கு ராத்திரி படிக்க உட்கார்ந்தவன்தான். அதோட விளைவுதான் இந்தப் பதிவு.

முதல்ல அந்த எண் எங்கேர்ந்து வந்ததுன்னு பார்ப்போம். உலகத்துல கப்பல் ஏறுற ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் இருக்கு. இரண்டாம் உலகப் போருக்கு முன்னாடி ஒவ்வொரு நாடும் தன் இஷ்டத்துக்கு ஒரு அட்டவணை வெச்சிருந்தது. 1950 டிசம்பர்ல பிரஸ்ஸல்ஸ்ல கூடி, எல்லாருக்கும் பொதுவா ஒரு அட்டவணைன்னு ஒப்பந்தம் போட்டாங்க. அது 1959ல நடைமுறைக்கு வந்தது. அதோட வாரிசுதான் இப்ப எல்லா பில்லுலயும் பார்க்கிற எச்.எஸ்.என்: ஒப்பந்தம் 1983 ஜூன்ல, அமலுக்கு வந்தது 1988 ஜனவரி 1. மொத்தம் 97 அத்தியாயம். அதுல 77வது காலி, பின்னாடி தேவைப்படும்னு விட்டு வெச்சிருக்காங்க. (நம்மாளு யாராவது அந்தக் குழுவுல இருந்திருப்பான். "ரிசர்வ்டு ஃபார் ஃப்யூச்சர் யூஸ்"னு காலம் விட்டு வைக்கிறது நம்ம ஜாதிப் பழக்கமாச்சே.)

39வது அத்தியாயம் பிளாஸ்டிக். 50லேர்ந்து 63 வரைக்கும் ஜவுளி. நடுவுல பெரிய சுவர். 1950ல அந்தச் சுவரைக் கட்டும்போது பிரச்சினையே இருந்திருக்காது. துணின்னா பருத்தி, கம்பளி, பட்டு, சணல், புதுசா ரேயான், நைலான். பிளாஸ்டிக்னா அச்சுல வார்த்த பொருள், தகடு, குழாய். தார்ப்பாய்ன்னா கெட்டிக் கித்தான்ல தார் பூசினது. ஆங்கிலப் பேரே அப்படி வந்ததுதான்: தார், அதுக்கு மேல போர்வை. கப்பல்ல போனவங்க பைன் மரத்துலேர்ந்து எடுத்த தாரைப் பூசிப் பூசி, கடைசியில மாலுமிக்கே "தார்"னு பட்டப்பேர் வந்துடுச்சு. அதை தமிழ்ல தார்ப்பாய்னு ஆக்கினவர் யாரோ, கைகுலுக்கணும். சத்தமும் பொருந்துது, அர்த்தமும் பொருந்துது. பாய்ன்னா நமக்கு படுக்கிற பாயும் உண்டு, பாய்மரத்துப் பாயும் உண்டு.

சுவரை உடைச்சது பாலிஎத்திலீன். 1933ல இங்கிலாந்துல ஐ.சி.ஐ. கம்பெனி ஆய்வுக்கூடத்துல ரெண்டு பேர் வேற எதையோ தேடும்போது தற்செயலா மாட்டின மெழுகு மாதிரி ஒரு வஸ்து. அது மென்மையான வகை. 1953ல ஜெர்மனியில கார்ல் ஸீக்லர் குறைந்த அழுத்தத்துலேயே கெட்டியான வகையைச் செஞ்சு காட்டினார். நம்ம ஊர்ல எச்.டி.பி.ஈ.ன்னு சொல்றோமே, அது. அடுத்த வருஷம் இத்தாலியில நாட்டா பாலிப்ரொப்பிலீனைச் செஞ்சார். ரெண்டு பேருக்கும் சேர்த்து 1963ல நோபல்.

இந்தக் கெட்டி வகையில ஒரு வித்தை இருக்கு. குருணையை உருக்கி மெல்லிய படலமா இழுத்து, பிளேடு வரிசையில விட்டு நாடா நாடாவா கீறி, சூட்டுல வெச்சு அஞ்சாறு மடங்கு நீளத்துக்கு இழுத்தா, மூலக்கூறெல்லாம் ஒரே திசையில வரிசை கட்டி நின்னு, கையால அறுக்க முடியாத அளவுக்கு வலு வந்துடும். அந்த நாடாவைத் தறியில ஏத்தி நெய்யலாம். பாவும் உண்டு, ஊடையும் உண்டு. யூரியா சாக்கு அப்படித்தான் பிறந்தது. நம்ம ஊர் பொருளாதாரத்துல யூரியா சாக்குக்குன்னு தனி அத்தியாயமே எழுதலாம்: மழைக்குக் கொங்காணி, திண்ணைக்குப் படுதா, பஸ்ல பெட்டி, கல்யாண வீட்டுல காய்கறி மூட்டை. அந்த நெசவுக்கு மேல மென்மையான பாலிஎத்திலீனை உருக்கி ஒரு பூச்சு குடுத்தா தண்ணி இறங்காது. நீலம், மஞ்சள், ஆரஞ்சுன்னு கலர் கலரா கடையில தொங்குற தார்ப்பாய் அதுதான். பேர்ல மட்டும் தார் மிச்சம்.

இப்ப சொல்லுங்க, இது என்ன? தறியில நெஞ்சது. ஆனா உடம்பு முழுக்க பிளாஸ்டிக்.

இதுக்கு அட்டவணைக்காரங்க போட்ட முதல் கோடுதான் 5 மில்லிமீட்டர். பிளாஸ்டிக் நாடாவோட அகலம் 5 மி.மீ. அல்லது அதுக்குக் கீழேன்னா அது ஜவுளி இழை. அதைத் தாண்டினா ஜவுளி இல்லை. ஏன் 5? பின்னல் வேலைக்கான செயற்கை வைக்கோல் மாதிரி சமாசாரத்தையெல்லாம் மனசுல வெச்சு எழுதின விதின்னு வாசகத்தைப் பார்த்தாலே தெரியும், "செயற்கை வைக்கோல் போன்றவை"ன்னு உதாரணமே குடுத்திருக்காங்க. லாரி லாரியா சாக்கு நெய்யப் போறவங்களை நினைச்சு எழுதின மாதிரி எனக்குத் தெரியலை.

அகலம்னா எந்த அகலம்னு ஒரு அழகான வார்த்தை போட்டிருக்காங்க: "தோற்ற அகலம்". அதாவது மடிஞ்சோ, முறுக்கியோ, நசுங்கியோ இருந்தா அந்த நிலைமையிலேயே எவ்வளவு அகலமோ அதுதான் கணக்கு. 8 மில்லிமீட்டர் நாடாவை ரெண்டா மடிச்சு நெஞ்சா அது 4 மில்லிமீட்டர். பிளாஸ்டிக் மடிச்சா துணியாயிடுது! வேட்டி மடிச்சுக் கட்டினா லுங்கின்னு சொல்ற மாதிரி.

சரி, 5க்கு மேல போனா எங்கே போகும்? நான் நேரா பிளாஸ்டிக் அத்தியாயம்னுதான் நினைச்சேன். இல்லைங்க. பூச்சு இல்லாம வெறுமனே நெஞ்சிருந்தா 46வது அத்தியாயம். அது கூடை, முறம், பாய் அத்தியாயம். நம்ம பத்தமடைக் கோரைப்பாய் இருக்கிற அதே அத்தியாயம். ஆக ஒரே குருணை, ஒரே தறி. நாடா 4 மில்லிமீட்டர்னா துணி, 6 மில்லிமீட்டர்னா பாய், மேல பூச்சு ஏறினா பிளாஸ்டிக். தார்ப்பாய்ங்கிற பேர்ல இருக்கிற பாய்க்கு பிரஸ்ஸல்ஸ்லயே சாட்சி இருக்கு!

மாமா கடைச் சரக்கு ரெண்டரை மில்லிமீட்டர், அதனால முதல் கதவைத் தாண்டியாச்சு. ரெண்டாவது கதவுதான் கஷ்டம். அது 59வது அத்தியாயத்தோட 2வது குறிப்பு. பிளாஸ்டிக் பூசின துணி எப்பெல்லாம் ஜவுளியா இருக்கும், எப்ப பிளாஸ்டிக்கா மாறும்னு சொல்றது. நிரல் எழுதறவனுக்கு இதைப் படிக்கிறதே ஒரு அனுபவம். ஒண்ணுக்குள்ள ஒண்ணா இஃப், எல்ஸ் அடுக்கியிருக்காங்க.

பூச்சு வெறும் கண்ணுக்குத் தெரியலைன்னா, அது பூசாத துணி மாதிரியே. நிறம் மாறியிருந்தா அதைக் கணக்குல எடுக்கக் கூடாது. 15லேர்ந்து 30 டிகிரி வெப்பத்துல, 7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையைச் சுத்திக் கையால வளைச்சா உடையுதுன்னா, பிளாஸ்டிக். 7 மில்லிமீட்டர்ன்னா ஏறக்குறைய ஒரு பென்சில். (திருச்சியில மே மாசம் பகல்ல 30 டிகிரிக்கு எங்கே போறது? ஏ.சி. ரூம்லதான் சோதனை பண்ணணும்.) அப்புறம் முக்கியமானது: துணி முழுசா பிளாஸ்டிக்குக்குள்ள புதைஞ்சிருந்தாலோ, ரெண்டு பக்கமும் முழுசா பூச்சு இருந்து அந்தப் பூச்சு வெறும் கண்ணுக்குத் தெரிஞ்சாலோ, அது பிளாஸ்டிக், 39வது அத்தியாயம்.

இதுக்கு நமக்குத் தெரிஞ்ச உதாரணம் ஃப்ளெக்ஸ் பேனர். காதுகுத்துலேர்ந்து கண்ணீர் அஞ்சலி வரைக்கும் நம்ம ஊர்த் தெருவையே மறைச்சு நிக்குமே, அதைக் கிழிச்சுப் பார்த்தா உள்ள பாலியெஸ்டர் நூல் வலை இருக்கும், ரெண்டு பக்கமும் பி.வி.சி. உள்ள துணி இருந்தாலும் அட்டவணைப்படி அது பிளாஸ்டிக்.

"வெறும் கண்ணுக்குத் தெரியுதா"ங்கிற நிபந்தனையைப் பாருங்க. யாரோட கண்ணு? மாமா கடைத் தார்ப்பாய்ல பூச்சு கண்ணாடி மாதிரி. அதுக்குக் கீழ நெசவோட கட்டம் கட்டமா அப்படியே தெரியுது. நெசவு தெரியுதுன்னா பூச்சு தெரியலைன்னு அர்த்தமா? பளபளப்பு தெரியுதே, அது பூச்சு தெரியுறதா, இல்லை பூச்சோட விளைவு தெரியுறதா? சிரிக்காதீங்க. அமெரிக்க கஸ்டம்ஸ்காரங்க 1990களேர்ந்து இதே கேள்விக்கு பக்கம் பக்கமா பதில் எழுதியிருக்காங்க. அவங்க பிடிச்சுக்கிட்ட பிடி: பூச்சோட விளைவு கண்ணுக்குத் தெரிஞ்சா போதாது, பூச்சே தெரியணும். அடியில இருக்கிற நெசவை மங்கலாக்குதா, மறைக்குதான்னு பாருங்க.

அங்கே இது வெறும் வரி வித்தியாசம் மட்டும் இல்லை. 1974லேர்ந்து 1994 வரைக்கும் பல இழை ஒப்பந்தம்னு ஒண்ணு இருந்தது. ஏழை நாடுகள்லேர்ந்து பணக்கார நாடுகளுக்குப் போற ஜவுளிக்கு நாட்டுக்கு நாடு கோட்டா. அதோட மிச்சசொச்சம் தீர்றதுக்கு 2004 முடியணும். பிளாஸ்டிக்குக்கு அந்தக் கோட்டா கிடையாது. ஆக துணியா பிளாஸ்டிக்காங்கிற கேள்வி, சரக்கு துறைமுகத்துக்குள்ள வரலாமா வேண்டாமாங்கிற கேள்வியாகவே இருந்திருக்கு. கோட்டா போனப்புறமும் வரி வித்தியாசம் நின்னுச்சு. 2010களோட தீர்ப்புகள்ல பார்த்தா, ஒடுக்க நாடா தார்ப்பாய் ஜவுளிப் பக்கம் 6306.12ல 8.8 சதவீதம், 5 மில்லிமீட்டரைத் தாண்டின நாடாவால செஞ்சு பூச்சு போட்டது பிளாஸ்டிக் பக்கம் 3926.90ல 5.3 சதவீதம். நீங்க தறி வெச்சிருந்தா எந்த அகலத்துல நாடாவைக் கீறுவீங்க?

அந்தக் கேள்விக்கு அமெரிக்காக்காரன் குடுத்த பதிலும் சுவாரசியம். 2008ல சீனாவுலேர்ந்து வர்ற படலம் ஒட்டின நெய்த சாக்குக்கு எதிர்க் குவிப்பு வரி போட்டாங்க. எந்தெந்த சாக்குக்கு இந்த வரின்னு வரையறுக்கும்போது, நாடா அகலம் எதுவா இருந்தாலும் சரின்னு சேர்த்து எழுதிட்டாங்க. 5 மில்லிமீட்டர்னு ஒரு கோடு இருக்கிறது தெரிஞ்சு, அந்த வழியா யாரும் நழுவக் கூடாதுன்னு அடைச்சிருக்காங்க. அந்த ஒரு வரியை எழுதினவர் மேல எனக்கு மரியாதை. சோதனையில வர்ற எட்ஜ் கேஸை எல்லாம் முன்னாடியே யோசிச்ச ஆளு.

நம்ம நாட்டுக் கதை இதை விட ருசி.

1978ல நம்ம உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு. பாரிட்ஸ் அண்ட் ஸ்பென்சர் கம்பெனி, காகித ஆலையில ஈரக் காகிதத்தை உலர்த்துற மெஷினுக்குள்ள ஓடுற ஃபெல்ட் செய்யுது. அது ஜவுளியா இல்லையான்னு விற்பனை வரித் தகராறு. ஹரியானா அரசு, இதை யார் உடுத்திக்கப் போறா, இது மெஷின் பாகம்னு வாதம். நீதிபதி பகவதி எழுதின தீர்ப்போட சாரம்: ஜவுளிங்கிற சொல்லுக்கு வேரே நெசவுதான். நூல் எதுலேர்ந்து வந்ததா இருந்தாலும் சரி, நெஞ்சா ஜவுளி. உடுத்துறதுக்கா, மெஷினுக்காங்கிறது விஷயமே இல்லை.

இதைப் படிச்சதும் மாமாவுக்கு போன் பண்ணிட்டேன். "மாமா, ஜெயிச்சுட்டோம்!" கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்.

ஏன்னா 1986 வந்துடுச்சு. அந்த வருஷம் பிப்ரவரி 28 முதல் இந்தியா தன்னோட எக்சைஸுக்கு புது அட்டவணை கொண்டு வந்தது, 1985ம் வருஷத்துச் சட்டம். உலகத்துல அந்த ஒத்திசைவு அட்டவணை அமலாகறதுக்கே ரெண்டு வருஷம் இருக்கும்போது, அதை மாதிரியா வெச்சு சுருக்கி எழுதினது. அடுத்த நாள், மார்ச் 1, வி.பி. சிங் கொண்டு வந்த மாட்வாட் ஆரம்பம். மூலப்பொருளுக்குக் கட்டின வரியை, செஞ்ச பொருளோட வரியில கழிச்சுக்கலாம். ஆனா ஆரம்பத்துல எல்லா அத்தியாயத்துக்கும் இல்லை. பிளாஸ்டிக்குக்கு உண்டு, ஜவுளிக்குக் கிடையாது.

இப்ப சாக்கு ஆலைக்காரர் இடத்துல உட்கார்ந்து பாருங்க. குருணை வாங்கும்போது அதுல எக்சைஸ் இருக்கு. தான் செய்ற சாக்கு பிளாஸ்டிக்னா அதைக் கழிச்சுக்கலாம். ஜவுளின்னா அந்தக் கணக்கே கிடையாது. அதிகாரிகளோ நாடாவை 54வது அத்தியாயத்துலயும், சாக்கை 63வது அத்தியாயத்துலயும் வைக்கிறாங்க. ராஜ் பேக்வெல்னு ஒரு ஆலை மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு. 1990ல வெளியான தீர்ப்பு, குருணை பிளாஸ்டிக், அதுலேர்ந்து வந்த நாடா பிளாஸ்டிக், அந்த நாடாவால செஞ்ச சாக்கும் பிளாஸ்டிக்தான், 39வது அத்தியாயம்னு முடிச்சது. 1992ல எக்சைஸ் வாரியமே அதைப் பின்பற்றச் சொல்லி சுற்றறிக்கை விட்டது.

என் சொந்த அபிப்பிராயம், பிரஸ்ஸல்ஸ் அட்டவணையை வெச்சுப் பார்த்தா அந்தத் தீர்ப்பு நிக்காது. ஏன்னா அதுல ஜவுளிச் சாக்குக்கான 6305க்குள்ளேயே "பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன் நாடாவால் ஆனவை"ன்னு பேர் சொல்லி ஒரு வரி இருக்கு. நாடாவால நெஞ்ச துணிக்கு 5407.20ன்னு தனி வரி. பிளாஸ்டிக் நாடா துணியாகலாம்ங்கிறதை ஒத்துக்கிட்டுத்தான் அட்டவணையே எழுதியிருக்காங்க. நம்ம 1985 அட்டவணை சுருக்கினதுல அதெல்லாம் தெளிவா வரலை. எக்சைஸ் அட்டவணை எட்டு இலக்கத்துக்கு மாறி சர்வதேச அட்டவணையோட நேரா பொருந்தினது 2005ல. அதுக்குள்ள பதினஞ்சு வருஷப் பழக்கம் வேரூன்றிடுச்சு.

இதே காலத்துல சணல்காரங்க சண்டை வேற. பிளாஸ்டிக் சாக்கு வந்து கோணிச் சாக்கை சிமெண்ட்லேர்ந்தும் உரத்துலேர்ந்தும் துரத்திக்கிட்டிருந்த நேரம். 1987ல மத்திய அரசு, குறிப்பிட்ட பொருளை சணல் சாக்குலதான் கட்டணும்னு சட்டமே போட்டது. சிமெண்ட் கம்பெனிகள் எதிர்த்து வழக்குப் போட்டு, 1996ல உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும்னு சொன்னது. வங்காளத்துச் சணல் விவசாயிதான் அங்கே பேசப்பட்டவர். அந்தக் கதை தனிப் பதிவுக்கு உரியது, இங்கே விட்டுடறேன்.

தார்ப்பாய்க்குன்னே ஒரு உச்ச நீதிமன்ற வழக்கும் உண்டு, 2010ல. டார்ப்பாலின் இன்டர்நேஷனல்னு ஒரு கம்பெனி. கித்தானை வெட்டி, ஓரம் தைச்சு, வளையம் அடிச்சா அது "உற்பத்தி"யா? உற்பத்தின்னா எக்சைஸ். கோர்ட் இல்லைன்னு சொல்லிடுச்சு. வெட்டறதுக்கு முன்னாடியும் தார்ப்பாய், தைச்ச பின்னாடியும் தார்ப்பாய். மாமா இதைக் கேட்டு ஆறுதலா சிரிச்சார். ஆனா 2017ல ஜி.எஸ்.டி. வந்தப்புறம் உற்பத்திங்கிற பேச்சே அடிபட்டுப் போச்சு. வித்தா வரி.

ஜி.எஸ்.டி.யில தலைகீழ் ஆட்டம். சாக்கு பிளாஸ்டிக்னா 18 சதவீதம், ஜவுளின்னா குறைச்சல். 1990ல "ஐயா இது பிளாஸ்டிக்"னு கோர்ட்ல வாதாடின அதே தொழில், "ஐயா இது துணி"ன்னு சொல்ல ஆரம்பிச்சது. துணின்னு வாதாடின துறை பிளாஸ்டிக்னு சொல்ல ஆரம்பிச்சது. ரெண்டு பேரும் பழைய எதிராளியோட வாதத்தை தூசி தட்டி எடுத்துக்கிட்டாங்க. 2018 டிசம்பர் 31ம் தேதி ஒரு சுற்றறிக்கை: பாலிப்ரொப்பிலீன் நெய்த பையும், நெய்யாத பையும், படலம் ஒட்டினதும் 3923, 18 சதவீதம். அடுத்த பத்தியிலேயே, படலம் ஒட்டாத நெய்த பை அதோட மூலப்பொருள் எதுவோ அப்படின்னு ஒரு வரி. படிச்சவங்க குழம்பினது நியாயம்தான். 2019 டிசம்பர் 18ல கூடின ஜி.எஸ்.டி. கவுன்சில் ஒரு வழியா, 3923ஆ இருந்தாலும் 6305ஆ இருந்தாலும் இந்தப் பைகளுக்கு 18ன்னு முடிச்சு, 2020 ஜனவரி 1லேர்ந்து அமலாக்கினது. எந்த அத்தியாயம்ங்கிற கேள்விக்கு அவங்க பதில் சொல்லவே இல்லை, ரெண்டு கதவுக்கும் ஒரே டிக்கெட் விலைன்னு ஆக்கிட்டாங்க. முப்பத்தி நாலு வருஷத்துல எனக்குப் பிடிச்ச முடிவு இதுதான்.

ஆனா அது பைக்கும் சாக்குக்கும். விரிக்கிற தார்ப்பாய்க்கு இல்லை.

மறுபடி மாமா கடைக்கு வருவோம். அடுத்த ஞாயிறு நானும் மாமாவும் ஒரு துண்டை வெயில்ல பிடிச்சுப் பார்த்தோம். 6306க்கான விளக்கக் குறிப்புல, தார்ப்பாய் பொதுவா "பூச்சுள்ள அல்லது பூச்சில்லாத செயற்கை இழைத் துணி"யால செய்யப்படும்னு இருக்கு, செவ்வகம், ஓரம் மடிச்சது, வளையம், கயிறு உட்பட. மாமா கடைச் சரக்கை பக்கத்துல வெச்சுப் பார்த்து எழுதின மாதிரி இருக்கும். அது நம்ம பக்கம். 59வது அத்தியாயக் குறிப்பு, ரெண்டு பக்கமும் பூச்சு கண்ணுக்குத் தெரிஞ்சா வெளியேன்னு சொல்லுது. அது அவங்க பக்கம்.

"உங்களுக்குப் பூச்சு தெரியுதா மாமா?"ன்னு கேட்டேன்.

"நெசவுதான் தெரியுது. ஆனா பூச்சு இருக்குன்னு எனக்குத் தெரியுமே மாப்ளே"ன்னார்.

அத்தை உள்ளேர்ந்து எட்டிப் பார்த்து, "பளபளன்னு இருக்கே, தெரியாம என்ன?"ன்னாங்க. மாமா அத்தையை சாட்சிக் கூண்டுல ஏத்தக் கூடாதுன்னு அப்பவே முடிவு பண்ணிட்டார் :-)

விரலால தேய்ச்சா மேடு பள்ளம் தட்டுது, அதாவது நெசவோட புடைப்பைப் பூச்சு முழுசா நிரப்பலை. ஓரத்துல பிரிச்சா, பூச்சு தனிப் படலமா பட்டுனு உரிஞ்சு வருது. உரிச்சுக் கையில வெச்சா எல்லாருக்கும் தெரியும். ஆனா உரிச்சுப் பார்க்கிறது "வெறும் கண்ணுக்குத் தெரியறது" கணக்குல வருமா? ஆடிட்டர்கிட்ட கேட்டா, இதையே மேல்முறையீட்டுல ஒரு காரணமா எழுதிடலாம்னு சொன்னார். எழுதினோம். 1978 தீர்ப்பு, விளக்கக் குறிப்பு, காலிப்பர் அளவு பத்து, எல்லாம் சேர்த்து பதினாலு பக்கம். நான்தான் டைப் பண்ணினேன். மேல்முறையீட்டுக்கு முன்கூட்டியே கட்ட வேண்டிய பத்து சதவீதத்தை மாமா கட்டியாச்சு. அதுக்கு அத்தையோட ரெண்டு வளையல் அடகுல இருக்கு.

இதுக்கு நடுவுல மாமா சரக்கு வாங்குற இடத்துலேர்ந்து புது பில் வந்தது. அதே சரக்கு, அதே நீலம், அதே ரெண்டரை மில்லிமீட்டர். எண் மட்டும் 3926ன்னு மாறியிருந்தது. ஏன் மாத்தினீங்கன்னு போன் பண்ணிக் கேட்டா, "எல்லாரும் மாத்திட்டாங்க சார், நாங்களும் மாத்திட்டோம்"னு பதில்.

காலிப்பர் இப்ப மாமா கடை மேஜை டிராயர்லதான் இருக்கு. திருப்பிக் கேட்க மனசு வரலை. ஒவ்வொரு புதுச் சுருள் வரும்போதும் ஓரத்துல ஒரு நாடாவைப் பிரிச்சு, அளந்து, தேதி போட்டு நோட்டுல ஒட்டி வைக்கிறார்.